மொய் நோட்டை நம்பாதீர்கள்: வீட்டுக் கம்ப்யூட்டரை ரூட்கிட்டிலிருந்து காப்பது

போன மாதம் மேற்கு மாம்பலத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "டேய், பேங்க் சைட்டைத் திறந்தா வேற எங்கேயோ போகுதுடா. ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்த்துட்டேன், ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது." அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளம்ப வைத்தது. சைட் மாறிப் போவது ஏதோ ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் செய்யும் சில்லறை வேலையாகக்கூட இருக்கலாம். ஆனால் கண்ணெதிரே கோளாறு இருந்தும் ஸ்கேன் "சுத்தம்" என்றால், ஸ்கேன் செய்யும் ஆளின் கண்ணை யாரோ கட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

அப்படிக் கண்ணைக் கட்டுவதுதான் ரூட்கிட். யூனிக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர், அதைப் பிடித்தவன் பிடித்தது தெரியாமல் உட்கார்ந்திருக்க உதவும் சாமான் மூட்டை என்பதால் இந்தப் பெயர். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரே ஒரு கவரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரை நோட்டில் எழுதாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? நோட்டை நீங்கள் எத்தனை முறை கூட்டினாலும் கணக்கு சரியாகவே வரும். அதேபோல "இந்த ஃபோல்டரில் என்னென்ன ஃபைல் இருக்கிறது" என்று ஆன்டிவைரஸ் விண்டோஸிடம் கேட்கும்போது, நடுவில் நிற்கும் ரூட்கிட் தன் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் பட்டியலைக் கொடுக்கிறது.

இது ஹேக்கர்கள் மட்டும் செய்த வேலை என்று நினைக்க வேண்டாம். 2005-இல் சோனி பிஎம்ஜி விற்ற சில பாட்டு சிடிக்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்கிறேன் என்ற பேரில் ஒரு ரூட்கிட் உள்ளே இறங்கியது. மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் அதே வருஷம் அக்டோபரில் அதை அம்பலப்படுத்தினார். அவர் எழுதிய கருவி செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று: விண்டோஸ் சொல்லும் பட்டியலையும் டிஸ்கில் நிஜமாகவே இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. நோட்டை விட்டுவிட்டுக் கவரை எண்ணுவது மாதிரி.

சரி, சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஐந்து வருஷத்துக்கு முன் ரிச்சி தெருவில் ஒரு கடையில் அசெம்பிள் செய்த மெஷின், விண்டோஸ் "இலவசம்". அந்த இலவசத்தை ஆக்டிவேட் செய்ய ஒரு குட்டி புரோகிராம், ஓட்டும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு வேறு. வீட்டுக் காவல்காரனைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத ஆளிடம் கொத்துச் சாவியைக் கொடுப்பதுதான் இது. ரூட்கிட் விண்டோஸின் கருவுக்குள், அதாவது எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் உள்மையமான கெர்னலுக்குள், போக வேண்டுமென்றால் அட்மின் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) அனுமதி வேண்டும், அதைப் பெரும்பாலும் நாமே "யெஸ்" அழுத்திக் கொடுக்கிறோம். கிராக் செய்த போட்டோ எடிட்டர், கேம் சீட், டேலி கிராக் எல்லாம் இதே கதைதான். கீழே சொல்லப்போகும் எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் நிறுத்துங்கள்.

அடுத்தது, தினமும் பயன்படுத்தும் கணக்கு அட்மினாக இருக்கக் கூடாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய், அட்மினாகத் தனியாக ஒரு கணக்கு உருவாக்கி அதற்கு நல்ல பாஸ்வேர்ட் வைத்துவிட்டு, உங்களுடையதை ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றிவிடுங்கள். ஏதாவது இன்ஸ்டால் செய்யும்போதெல்லாம் பாஸ்வேர்ட் கேட்கும், முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாத நேரத்தில் அது கேட்டால், அப்போது தெரியும் இதன் அருமை.

அப்டேட் விஷயத்தில் சித்தப்பாவிடம் ஒரு சண்டையே நடந்தது. "ஒரு தடவை அப்டேட் ஆகி நீலத் திரை வந்துச்சு, அதிலிருந்து ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். 2010 பிப்ரவரியில் உலகம் முழுக்க இதே புகார் எழுந்தது, ஒரு விண்டோஸ் அப்டேட் போட்டதும் பல மெஷின்கள் நீலத் திரையில் நின்றன, எல்லோரும் மைக்ரோசாஃப்டைத் திட்டினார்கள். கடைசியில் பார்த்தால் அந்த மெஷின்களில் ஏற்கெனவே அலூரியான் என்ற ரூட்கிட் குடியிருந்திருக்கிறது. அப்டேட் உள்ளே சில இடங்களை மாற்றியதும் அதற்குக் கால் இடறிவிட்டது, அவ்வளவுதான். எல்லா நீலத் திரைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. அதற்காக அப்டேட்டை அணைத்து வைப்பது தீர்வல்ல. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. மெஷின் தாங்கினால் 11-க்கு மாறிவிடுங்கள்.

இனி இரண்டு சுவிட்சுகள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அங்கே மெமரி இன்டெக்ரிட்டி என்று இருப்பதை ஆன் செய்யுங்கள், டிஜிட்டல் கையெழுத்துச் சரியில்லாத டிரைவர்கள் (சாதனங்களை ஓட்டும் புரோகிராம்கள்) கருவுக்குள் நுழைவதை அது தடுக்கும். பழைய பிரிண்டர் டிரைவர் ஒன்று ஒத்துவராது என்று அடம்பிடித்தால், டிரைவரைத்தான் மாற்ற வேண்டும், சுவிட்சை அணைக்கக் கூடாது. அப்புறம் ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரி இருக்கும், அது ஆன் என்று இருக்க வேண்டும். விண்டோஸ் எழும் முன்பே எழுந்து உட்காரும் வகை ரூட்கிட்டுக்கான பூட்டு இது. ஆஃப் என்றிருந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் சொந்த புரோகிராம்) போய் மாற்றலாம், ஆனால் பழைய லெகசி முறையில் போட்ட விண்டோஸ் அதன்பின் எழாமலே போகலாம், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீ கேட்கலாம். எனவே கீயை எழுதி வைத்துக்கொண்டு, தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டு போகிறவர்கள் கவனிக்க. திரும்பி வந்து செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், கிளிக் செய்யாதீர்கள், முதலில் ஸ்கேன். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை எப்போதும் தெரியும்படி வைத்தால், பிடிஎஃப் வேஷம் போட்ட இஎக்ஸ்இ (புரோகிராம்) ஃபைல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இப்போது சந்தேகம் வந்துவிட்டது, எப்படிப் பார்ப்பது? ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிடம் கேட்காமல், அதைத் தூங்க வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்து அழுத்துங்கள். திறந்திருக்கும் வேலையையெல்லாம் முன்பே சேவ் செய்துவிடுங்கள், மெஷின் ரீஸ்டார்ட் ஆகி ஏறக்குறைய 15 நிமிடம் தனியாகத் தேடும். முடிவு ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். அதிலும் திருப்தி இல்லையென்றால், சுத்தமான வேறொரு மெஷினில் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் தயாரித்து, அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள்.

சித்தப்பா மெஷினில் ஆஃப்லைன் ஸ்கேன் பிடித்துவிட்டது. பிடித்ததை நீக்கிவிட்டுச் சந்தோஷமாக எழுந்து போகலாமா என்றால், நான் போக மாட்டேன். அது எத்தனை கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். போனில், அதுவும் மொபைல் டேட்டாவில், ஈமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்ற வைத்தேன். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பேங்குக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்ய வேண்டும், நல்லவேளை, இவருக்குப் போகவில்லை.

பிறகு என் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை எழுதி, இன்ஸ்டால் செய்யும்போது அந்த டிஸ்கில் இருந்த பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். லைசென்ஸ் இந்த முறை காசு கொடுத்து வாங்கியது. போட்டோக்களையும் டாக்குமெண்ட்களையும் மட்டும், ஸ்கேன் செய்தபின், வெளி ஹார்ட் டிஸ்கிலிருந்து திரும்ப ஏற்றினேன், இன்ஸ்டாலர் ஒன்றைக்கூட ஏற்றவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க் பேக்கப் எடுக்கும்போது மட்டும் செருக வேண்டியது, மற்ற நேரம் பீரோவில்.

டிஸ்கையே மாற்றினாலும் போகாத வகையும் உண்டு. மதர்போர்டு சிப்பிலேயே குடியேறிய லோஜாக்ஸ் என்ற ரூட்கிட்டை 2018-இல் இசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் கண்டுபிடித்தது. வீட்டு மெஷினுக்கு அது வருவது அபூர்வம். ஆனாலும் பயாஸைப் போர்டு கம்பெனி தளத்திலிருந்து எடுத்துப் புதுப்பித்தேன், யுபிஎஸ்ஸில் செருகியபின்தான், நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும்.

கிளம்பும்போது சித்தப்பா மேஜை டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "அந்த ஆக்டிவேட்டர் இதுலதான் இருக்கு, அவசரத்துக்கு வேணுமேன்னு வச்சிருக்கேன்." வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.