ஆபரேஷன் தியேட்டரில் இதயம் நிற்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயக்கவியல் முதுநிலைப் படிப்பில் (பி.ஜி.) சேரும் ஒவ்வொரு புது பேட்ச்சும் நாங்கள் அந்த வயதில் செய்ததையேதான் செய்கிறது. ஆம்பூலைப் படிக்காமல் மருந்தை எடுப்பது, சக்‌ஷன் ஓடுகிறதா என்று பார்க்காதது பற்றியெல்லாம் எழுதவில்லை. முதல் வாரத்திலேயே சீனியர் திருத்திவிடுவார்.

மானிட்டர் மேல் பழி போடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். சமீபத்தில் ஒரு குடலிறக்க ஆபரேஷன். இளைஞர், வேறு வியாதி கிடையாது, ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பாதியை மரத்துப்போகச் செய்வது) கொடுத்தாயிற்று. நாடித்துடிப்பு எழுபதிலிருந்து 52-க்கு இறங்கியது, பிறகு 44. அலாரம் அடித்தது. பி.ஜி. மாணவர் அதை அமர்த்தினார். ஆக்ஸிமீட்டர் அலை தட்டையானதும் "புரோப் நழுவிடுச்சு சார்" என்று வேறு விரலில் மாட்டினார். பி.பி. கஃப் ஊதியது, எண் வரவில்லை, மறுபடி ஊதவிட்டார். ஈ.சி.ஜி.யில் கோடு ஓடுகிறதே என்ற தைரியம். ஈ.சி.ஜி. மின்சாரத்தைத்தான் காட்டும்; ரத்தம் ஓடுகிறதா என்று சொல்லாது. கழுத்தில் விரல் வைத்தேன், துடிப்பே இல்லை. மார்பை அழுத்தி அட்ரினலின் கொடுத்த பிறகு நோயாளி மீண்டார்.

ஸ்பைனல் மேலேறி மார்பின் முதல் நான்கு நரம்பு வேர்களைத் தொட்டால், இதயத்தை முடுக்கும் நரம்புகள் அடைபடும். கால்களில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவதும் குறையும். துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் பிடி மட்டும் மிஞ்சும். ஆரோக்கியமான இளைஞர்களிடம் அந்தப் பிடி வலுவானது; 'நல்ல கேஸ்' என்று நாம் அசந்திருப்பதும் அவர்களிடம்தான். 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஸ்பைனலின்போது இதயம் நின்ற ஆரோக்கியமானவர்கள் 14 பேர். ஆறு பேர் இறந்தார்கள்; பிழைத்தவர்களில் ஒருவரால் மட்டுமே தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிந்தது.

ஆகவே அலை போனால் முதலில் கழுத்தைத் தொடுங்கள், புரோப்பை அப்புறம் பார்க்கலாம். அட்ரோபின் 0.6 மி.கி.க்குத் துடிப்பு ஏறவில்லையா, எபிட்ரின். அதற்கும் அசையவில்லையா, தயங்காமல் அட்ரினலின். பி.பி.யின் மேல் எண் 50-க்குக் கீழே விழுந்து மருந்துக்கு மசியவில்லை என்றால், பெரியவர்களுக்கு மார்பை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். மயக்க மருந்தின்போது இதயம் நிற்பது பற்றிய பிரிட்டனின் 2023 தேசியத் தணிக்கையும் இதையே சொல்கிறது. துடிப்பு 'முழுசாக' நிற்கட்டும் என்று காத்திருக்கிறார்களே, அந்த நேரத்தில்தான் மூளை போகிறது.

சர்ஜனிடம் சொல்லக் கூச்சப்படுவது

லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழி ஆபரேஷன்) வயிற்றுக்குள் வாயு ஏற்றும்போது துடிப்பு சரிந்தால், "சார், நிறுத்துங்க, வாயுவை வெளியே விடுங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். பல சமயம் அதுவே சிகிச்சை.

ஸ்கோலின்

தசைகளைத் தளர்த்தும் இந்த மருந்தை, தீக்காயம் பட்டோ, பக்கவாதம் வந்தோ சில நாள் ஆனவருக்குக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் நிற்கலாம்.

கர்ப்பிணி

கருப்பையை இடப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டே மார்பை அழுத்த வேண்டும். நிறைமாத வயிறு என்றால், 4 நிமிடத்தில் துடிப்பு திரும்பாவிட்டால் அந்த மேஜையிலேயே சிசேரியன். தாயைக் காப்பாற்றவும்தான்.

இன்ட்ராலிப்பிட்டைத் தேடி ஓடுவது

நெர்வ் பிளாக்கில் (நரம்பருகே ஊசி போட்டு ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்வது) மரத்துப்போகச் செய்யும் மருந்தான பூபிவகெய்ன் ரத்தத்தில் கலந்து இதயம் நின்றால், இன்ட்ராலிப்பிட் எனும் 20% கொழுப்புக் கரைசல் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே போக வேண்டும். பிளாக் போடும் முன்பே அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மருந்தகத்தில் இருக்கிறது என்றால், தியேட்டரில் இல்லை என்றுதான் அர்த்தம்.