மிரட்டும் அழைப்பைத் தமிழில் பெயர்த்துப் பார்ப்பது எப்படி?

மும்பை சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் என் பெரியப்பாவுக்குச் சென்ற ஆண்டு ஒரு முற்பகலில் வாட்ஸ்ஆப்பில் காணொளி அழைப்பு வந்தது. திரையில் காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் இருந்தார். அவருக்குப் பின்னால் தேசியக் கொடி தெரிந்தது. எங்கோ வயர்லெஸ் கருவி கரகரத்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் ஆதார் எண்ணைக் காட்டி அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் சிக்கியிருப்பதாகவும், ஆகவே அவர் அந்த நிமிடத்திலிருந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்'டில் இருப்பதாகவும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேமராவை விட்டு விலகாமல் அமர்ந்திருக்க வேண்டும் என்றும் அந்த மனிதர் இந்தியில் உத்தரவிட்டார். ஐம்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்ந்து, காய்கறிக்காரரிடமும் வாடகை வண்டிக்காரரிடமும் இந்தியில் சண்டையே போடக்கூடிய பெரியப்பா, ஒன்றே முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சோறு ஆறுகிறது என்று கதவைத் தட்டிய பெரியம்மாவுக்கு இந்தி அவ்வளவாக ஓடாது. அதனால் நடப்பதைத் தமிழில் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரியப்பாவுக்கு வந்தது. "என்னைய போன்லயே கைது பண்ணியிருக்காவ" என்றார். "போன்லயா? அப்பம் போனை வச்சிட்டா வெளிய வந்துரலாம்லா?" என்று பெரியம்மா கேட்டார். அழைப்பு அத்துடன் முடிந்தது.

பெரியப்பா தற்செயலாகச் செய்த அந்த மொழிபெயர்ப்பை, யாரும் வேண்டுமென்றே செய்யக்கூடிய ஒரு முறையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து, எதிர்முனையில் இருப்பவர் சொல்லும் சொற்களில் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும் சொற்களை மட்டும் எழுதுங்கள். வாரண்ட், அரெஸ்ட், சம்மன், கைது, ஜாமீன், ஜப்தி, ஆஜர் என்று பட்டியல் நீளும். இவற்றில் கைதும் ஜாமீனும் ஜப்தியும் ஆஜரும் அரபு, பாரசீக மூலமுள்ள சொற்கள்; நவாபுகளும் மராட்டியரும் நடத்திய நிர்வாகத்தோடு தமிழுக்குள் வந்து தங்கியவை. வாரண்டும் சம்மனும் ஆங்கிலேயரின் நீதிமன்றத்தோடு வந்தவை. அரசாங்கம் நம்மிடம் கடுமையாகப் பேசியபோதெல்லாம் அயல்மொழியில்தான் பேசியிருக்கிறது என்பதால், பாதி புரிந்த சொல்லுக்குக் கட்டுப்படும் பழக்கம் நமக்குத் தலைமுறைகளாக ஊறிப்போயிருக்கிறது. மோசடிக்காரனுக்கு இந்த வரலாறு தெரியாது; பழக்கம் மட்டும் நன்றாகத் தெரியும்.

அடுத்து, அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் அடுக்களைத் தமிழில் அதன் கீழே எழுதுங்கள். "தேசியப் பாதுகாப்பு தொடர்பான ரகசிய விசாரணை என்பதால் எவருடனும் தொடர்பு கூடாது" என்பது "உன் பெண்டாட்டியிடம் யோசனை கேட்காதே" என்று ஆகும். "உங்கள் பணத்தின் மூலத்தைச் சரிபார்க்க, ரிசர்வ் வங்கி கண்காணிக்கும் கணக்குக்கு அதை மாற்றுங்கள், சரிபார்த்ததும் திரும்பி வரும்" என்பது "பணம் உன்னுடையதா என்று பார்க்க வேண்டும், அதனால் என்னிடம் கொடு" என்று ஆகும். இப்படி எழுதிய பிறகும் அந்த வாக்கியம் பொருள் தந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம். நான் பார்த்த வரையில் எதுவும் தந்ததில்லை.

இந்தச் சூழ்ச்சி புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'ஸ்பானியக் கைதி' கடிதங்கள் உலவின. செல்வந்தர் ஒருவர் ஸ்பெயின் சிறையில் வாடுகிறார், விடுவிக்கப் பணம் அனுப்பினால் புதைத்து வைத்த செல்வத்தில் பங்கு கிடைக்கும், விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று அவை சொல்லின. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419 ஆம் பிரிவால் பெயர் பெற்ற மோசடி மின்னஞ்சல்கள் அதே கதையின் வாரிசுகள். அன்று சிறையில் கிடப்பதாகச் சொல்லப்பட்டவர் எங்கோ இருந்த ஒரு பணக்காரர். இன்று கடிதத்தைப் படிப்பவரையே சிறைக்குள் தள்ளிவிட்டார்கள். ஆசை காட்டுவதைவிட அச்சமூட்டுவது விரைவாகப் பலிக்கிறது போலும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

நம் நாட்டில் ஏமாற்றுக்காரனுக்கு '420' என்ற பட்டம் 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420 ஆம் பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததால் ஏமாற்றுதல் 318 ஆம் பிரிவுக்கும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் 319 ஆம் பிரிவுக்கும் போய்விட்டன. சட்டம் மாறினாலும் '318' என்று திட்ட இன்னும் யாரும் பழகவில்லை. தமிழகத்தில் இருக்கும் உறவினர்களுக்கு வரும் இத்தகைய அழைப்புகளில் 'மும்பை கிரைம் பிராஞ்ச்' என்ற பெயர் அடிக்கடி அடிபடுவதற்கு, மும்பைப் போலீசையும் நிழலுலகத்தையும் காட்டி வளர்த்த நம் திரைப்படங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அத்தைக்கு அந்தேரி எங்கே என்று தெரியாது. ஆனால் அந்தேரிப் போலீசைத் திரையில் பலமுறை பார்த்திருக்கிறார்.

மொழிபெயர்ப்போடு சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதை எச்சரித்துப் பேசினார். கைது செய்யும் அதிகாரி, அந்த நபர் சொல்லாலோ செயலாலோ தானே காவலுக்கு உட்பட்டாலொழிய, அவருடைய உடலைத் தொட வேண்டும் அல்லது அடைக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. திரைக்கு அப்பால் இருக்கும் கைக்கு அது எட்டாது. விசாரணைக்கு வரச் சொல்லும் காவல்துறை நோட்டீசை வாட்ஸ்ஆப் வழியாகக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது.

மும்பைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சோதனை உண்டு. மும்பைப் போலீஸ் என்று சொல்பவரிடம் மராத்தியில், "தும்ஹி கோணத்யா போலீஸ் டாண்யாதூன் போல்தாய்?" என்று, எந்தக் காவல் நிலையத்திலிருந்து பேசுகிறீர்கள் எனக் கேளுங்கள். இந்தியிலேயே அதட்டல் தொடர்ந்தால் சந்தேகம் வலுக்கும். மராத்தியில் பதில் வந்துவிட்டாலும் நம்பிவிட வேண்டாம். மராத்தி பேசும் திருடனும் இருக்கலாம். நிலையத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டருகே உள்ள காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்பதுதான் உறுதியான வழி. இணைப்பைத் துண்டிப்பது குற்றமாகாது.

மற்ற மோசடி வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அது பணம் போவதற்கானது. இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், வண்டிக்கு அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறது என்ற செய்திகளோடு வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பை, திறக்கக் கூடாது. நட்சத்திரக் குறியும் 401 உம் சேர்ந்த எண்ணை அழுத்தச் சொன்னால், உங்கள் அழைப்புகள் வேறொருவருக்குத் திருப்பி விடப்படலாம். அப்படி நேர்ந்துவிட்டால் ##002# என்று அழுத்தி அதை நீக்கலாம்.

பணம் போய்விட்டால் வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். திருடிய பணம் பல கணக்குகளில் அடுத்தடுத்துத் தாவும் என்பதால், அது தாவி முடிவதற்குள் புகார் பதிவானால்தான் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க முடியும். ஓடிபி அல்லது பின் எண்ணை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும் வங்கிக்கு உடனே தெரிவியுங்கள்; 2017 இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியின்படி, தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டாமல் புகாரைப் பெற வேண்டும் என்பதும் இப்போது சட்டமாகிவிட்டது.

புகாரை முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு மராத்தியோ இந்தியோ தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துப் பெயர்க்கச் சொல்லுங்கள். அழைப்பு வந்த எண், நேரம், பணம் சென்ற கணக்கு, பரிவர்த்தனை எண், திரைப்பிடிப்புகள், இவற்றோடு அவர்கள் சொன்ன சொற்களை எழுதி வைத்த அந்தத் தாளையும் இணைத்துவிடுங்கள்.