மாங்கன்றை ஆட்டு வாயிலிருந்து காப்பாற்ற

கன்று வைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, காலையில் கதவைத் திறந்தால் வெறும் குச்சி நிற்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் மேய விட்ட ஆடும் மாடும் தாமான் (குடியிருப்பு) வாசல் வரைக்கும் வரும், காட்டோரம் என்றால் மானும் வரும். ஆட்டுக்காரரோடு சண்டை போட்டே நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். தீபாவளிக்குக் கறி கொடுத்தார், கன்றுதான் திரும்பி வரவில்லை.

முதலில் கடித்த இடத்தைப் பாருங்கள். ஆடு, மாடு, மான் மூன்றுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது, தளிரைக் கவ்வி இழுக்கும், அதனால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். கத்தி வைத்தது மாதிரி இருந்தால் கொறிக்கும் பிராணி எதுவோ. பட்டை உரிந்து தழும்பாக இருந்தால் கடமான் கொம்பைத் தேய்த்ததாக இருக்கலாம். அதற்காகக் கண்ணி வைத்துவிடாதீர்கள், 2010 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, உருப்படியான வழி கூண்டுதான். கம்பி வலையை வட்டமாக வளைத்து, வெளியே 3 கழிகளை ஒன்றரை அடி ஆழத்தில் அடித்து அதில் கட்டுங்கள், ஏனென்றால் ஆடு முன்னங்காலைத் தூக்கி வலைமேல் சாய்ந்துதான் தின்னும், கழி ஆடினால் கூண்டோடு கன்றும் போச்சு. உயரம் 5 அடி, மான் வருமென்றால் 6 அடிக்கு மேல். தண்டுக்கும் வலைக்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். கம்பியைத் தண்டில் சுற்றிக் கட்டவே கூடாது, மரம் பருக்கப் பருக்க அது கழுத்தை நெரிக்கும்.

செம்பருத்தி வேலிக்கெல்லாம் கூண்டு கட்டுப்படியாகாது. அதற்குச் சாணிதான். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை பச்சைச் சாணியைக் கரைத்து, துணியில் வடித்துத் தெளித்தால் ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆனால் நம்ம ஊர் மழைக்கு இரண்டு நாள் தாங்கினால் அதிசயம், ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் மறுபடி தெளிக்கணும். கறிவேப்பிலை, முருங்கை மாதிரி பறித்துச் சமைக்கிற எதிலும் வேண்டாம்.

வேலியே புதுசாக வைப்பதென்றால் ஆடாதோடை வையுங்கள், பெயரிலேயே இருக்கிறது. அரளியையும் ஆடு தொடாது என்பார்கள், தெரியாமல் தின்றுவிட்டால் செத்துப்போகும், பிள்ளைகளுக்கும் விஷம், எனக்கு அது சரிப்படாது.

பட்டை ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தால் பிசிறைக் கூர்கத்தியால் சீவிவிட்டுச் சும்மா விடுங்கள், தானே மூடும். சுற்றிலும் உரிந்திருந்தால் வேறு கன்றுதான், இந்தத் தடவை கூண்டை முதலில் அடித்துவிட்டு நடுங்கள்.