ஒரு 'எல்' எழுத்தில் போன காசு: பழைய லெப்டொப்புக்கு ராம் வாங்குமுன்

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் என் மருமகளின் லெப்டொப்பில் இருந்தது 4 ஜிபி ராம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் நினைவகம். பிரவுசரையும் பாடக் குறிப்புகளையும் ஒன்றாகத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். நான் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்து, "லெப்டொப்புக்கு டிடிஆர்3 வகை ராம், 8 ஜிபி" என்று சொல்லி, திருமலைக்கு வரும் இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். காலையில் எடுத்து வந்து பூட்டினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. பழைய ராமைத் திரும்பப் போட்டதும் உயிர் வந்தது.

கடைக்காரர் நான் கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார். நான் கேட்டதில்தான் ஓர் எழுத்து குறைந்துவிட்டது. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் வேலை செய்வது. டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை புரொசஸர் உள்ள லெப்டொப்புகளில் பெரும்பாலானவை 1.35 வோல்ட் ராமை மட்டுமே ஏற்கும். அளவு, விளிம்பிலுள்ள வெட்டு, 204 பின் (தொடுமுனைகள்) எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் பிழையான ராமும் இடைஞ்சல் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், பூட்டுகிறவருக்குச் சந்தேகமே வராது. 'எல்' உள்ள ராம் 1.5 வோல்ட்டிலும் ஓடக்கூடியது. ஆகவே டிடிஆர்3 இயந்திரம்தான் என்று தெரிந்து, 'எல்' வேண்டுமா என்பதில் மட்டும் குழப்பம் என்றால், 'எல்' உள்ளதையே வாங்குங்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பழைய ராமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படித்தால் போதும். 'பிசி3எல்-12800எஸ்' என்று இருந்தால் அது 1600 வேகமுள்ள டிடிஆர்3எல். 'பிசி3' என்று மட்டும் இருந்தால் சாதாரணம். ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். கொழும்பிலிருந்து பொருள் எடுப்பிக்கிற நமக்கு, வாயால் சொல்வதைவிட அந்தப் படம் பெரிய பாதுகாப்பு.

தலைமுறையை மட்டும் வைத்து ஊகிப்பதும் ஆபத்து. ஆறாம் தலைமுறை என்றால் டிடிஆர்4 என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அந்தத் தலைமுறையில் டிடிஆர்3எல் உள்ளவையும் வந்தன, டிடிஆர்4 உள்ளவையும் வந்தன. டிடிஆர்4 ராமுக்கு 260 பின், வெட்டும் வேறு இடத்தில். ராம் செருகும் ஸ்லொட்டில் நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், ஸ்லொட் உடைந்தால் பிறகு மதர்போர்ட் செலவு.

அப்புறம், எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி. விண்டோஸ் கட்டளை ஒன்றால் உச்ச அளவைப் பார்க்கலாம், ஆனால் அது லெப்டொப்பைத் தொடக்கிவைக்கும் பயோஸ் மென்பொருள் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லும், அந்த எண் பல நேரம் பிழை. அடியிலுள்ள முழு மொடல் இலக்கத்தை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். இன்டெல் நான்காம் தலைமுறையிலும் அதற்கு முந்தியதிலும் 16 ஜிபி டிடிஆர்3எல் ராம் ஒன்றை ஒரே ஸ்லொட்டில் போட்டால் ஓடாது, ஒரு ஸ்லொட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

மெல்லிய லெப்டொப் என்றால் காசு கொடுக்குமுன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஃபோம் ஃபெக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ராம் போர்டிலேயே ஒட்டப்பட்டது, கழற்ற முடியாது. கூடுதலாக ஒரு ஸ்லொட் இருக்கிறதா என்பதைக் கையேட்டில்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

வேகம் வேறுபட்டால் கவலை வேண்டாம். 1333-உம் 1600-உம் சேர்ந்தால் பொதுவாக இரண்டும் 1333-இல் ஓடும், அவ்வளவுதான்.

சரியான ராமும் சில வேளை வேலை செய்யாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் வருடக்கணக்காக இருந்த லெப்டொப் என்றால் தொடுமுனைகளில் படலம் பிடித்திருக்கலாம். சார்ஜரையும் பற்றரியையும் எடுத்துவிட்டு, ராமின் பொன்னிற முனைகளை மென்மையான அழிறப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுச் சரிவாகச் செருகி, இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும்வரை அமர்த்துங்கள். முதல் தடவை திரை வர ஒரு நிமிடம்கூட எடுக்கலாம், உடனே அணைத்துவிட வேண்டாம். வந்தபின் விண்டோஸ் மெமரி சோதனையை ஒருமுறை ஓட விடுங்கள்.

மருமகளுக்குப் பிறகு 'எல்' உள்ள ராம் எடுப்பித்துப் போட்டேன், இப்போது நன்றாக ஓடுகிறது. முதலில் வாங்கியது கிண்ணியாவில் ஒரு நண்பரின் இரண்டாம் தலைமுறை லெப்டொப்பில் இருக்கிறது. அதற்கு 1.5 வோல்ட்தான் வேண்டியிருந்தது. 1600 என்று வாங்கிய ராம், அங்கே 1333-இல் ஓடுகிறது.