மேக்னம் தோட்டாவைக் கையால் நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு டர்னர் சொல்வது

திருவொற்றியூரில் டூல் ரூம் டர்னராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். துப்பாக்கி எதுவும் என்னிடம் இல்லை. என் அக்கா மகன் அமெரிக்காவில் மொன்டானாவில் இருக்கிறான். அந்த ஊர்ச் சட்டப்படி வேட்டை உரிமம் வாங்கி எல்க் மான் வேட்டைக்குப் போகிறவன். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் என்ற, மருந்து அதிகம் பிடிக்கும் வலுவான தோட்டாவைச் சுடும் ரைபிள் அவனுடையது. சுட்ட பித்தளைக் கூட்டிலேயே தீப்பற்றவைக்கும் புது கேப், வெடிமருந்து, குண்டு வைத்துத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறான். போன வருஷம் ஒரு காலித் தோட்டாவைப் படம் பிடித்து அனுப்பி, "மாமா, இந்தக் கோடு இன்னா?" என்று கேட்டான். அடிப்பக்கத்தில் பட்டையாகப் புடைத்திருக்கும் பெல்ட்டுக்குச் சற்று மேலே, பித்தளையைச் சுற்றி ஒரு பளபளப்பு வளையம். "ஜெம் கிளிப்போட நுனியை வளைச்சு உள்ளே விட்டுத் தடவிப் பாருடா" என்றேன். சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை உரசினாலும் அப்படிக் கோடு விழும், அதனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கம்பி நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. பித்தளை உள்ளே மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டி முழுவதையும் நசுக்கிப் பழைய பித்தளையோடு போடச் சொன்னேன்.

நம் ஊரில் இதைச் செய்து பார்க்க நினைக்கவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றம். இதைச் சட்டம் அனுமதிக்கிற ஊர்களில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த வளையம் ஏன் வந்தது? அளவை எந்த முகத்திலிருந்து எடுக்கிறோம் என்பதில் வந்த தவறு. பட்டறையில் அதை டேட்டம் என்போம். 1912-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 மேக்னம் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதன் தோள், அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் இடம், மிகவும் சரிவானது. குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் அது உறுதியாக முட்டி நிற்காது. அதனால்தான் அடியில் ஒரு பெல்ட் வைத்தார்கள். தோட்டா பெல்ட்டில் நின்றது. 1962-ல் வந்த 7 எம்எம் ரெமிங்டனுக்கும் 1963-ல் வந்த .300 வின்செஸ்டருக்கும் நல்ல தோள் இருக்கிறது, பெல்ட் தேவையே இல்லை. ஆனாலும் வழிவழியாக அது ஒட்டிக்கொண்டது. பெல்ட்தான் தாங்குகிறது என்று நம்பி, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்படி டையை இறுகத் திருகி, சுட்ட கூட்டின் தோளை ஒவ்வொரு முறையும் பின்னால் தள்ளுகிறார்கள். சுடும்போது அது மறுபடி முன்னால் பாய்கிறது. இழுபடுவது பெல்ட்டுக்கு மேலே உள்ள பித்தளை. நாலைந்து முறையிலேயே அங்கே அறுந்துவிடலாம். 7 எம்எம் மேக்னத்தின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 61,000 பவுண்டு. எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் லாரி டயரில் இருப்பது நூற்றுச் சொச்சம்தான். அறுந்த இடம் வழியாகக் கசியும் வாயு சுடுகிறவன் முகத்தை நோக்கி வரும். கண்ணாடி போடாமல் சுடவே கூடாது.

அதனால் தோளை டேட்டமாக வையுங்கள். உங்கள் ரைபிளில் சுட்ட கூட்டை, தோளில் முட்டுகிற கேஜ் வைத்து வெர்னியரில் அளந்துகொண்டு, டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்தி நகர்த்தி, தோள் 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்வாங்கும்படி நிறுத்துங்கள். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் தடையில்லாமல் மூட அது போதும்.

அடுத்தது தராசு. சவுகார்பேட்டை நகைக் கடைகளில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரியாதையை மருந்துக்கும் கொடுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் நிறுத்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். டிஜிட்டல் தராசு என்றால் சூடேறும்வரை காத்திருந்து, சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மருந்தை நிறுக்கும் கிரெயின் என்பது ஓர் எடை அலகு, 0.0648 கிராம். விரல் பட்டு அலகு கிராமுக்கு மாறியிருக்கிறதா என்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மருந்தை அளந்து கொட்டும் நிரப்பியில் நேற்று மிச்சமான மருந்தை இன்றைய மருந்தோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழி கிடையாது.

அடுத்தவர் ரைபிளுக்குப் பொருந்திய அளவை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் தவறு. குண்டின் எடை, கூட்டின் பிராண்டு, அடியில் உள்ள கேப், மருந்து, இவற்றில் எது மாறினாலும் அச்சான கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும். மேக்னம் கேப் சாதாரணக் கேப்பைவிடச் சூடாக எரியும், அதை மாற்றுவதே பெரிய மாற்றம். பயந்துபோய்த் தொடக்க அளவுக்கும் கீழே இறங்குவதும் தவறு. மேக்னத்துக்குப் போடும் மெதுவாக எரியும் மருந்து, பெரிய கூட்டில் குறைவாகக் கிடந்தால் தாறுமாறாக எரிந்து அழுத்தம் எகிறலாம். இதை நம்ப என் அக்கா மகனுக்கு ரொம்ப நாளாயிற்று. குறைவாகப் போட்டால் பாதுகாப்புத்தானே என்பான்.

வெயிலும் ஒரு அளவுதான். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வேட்டைத் தோட்டா அனுப்பிய ஆங்கிலேயக் கம்பெனிகள், சூட்டில் அழுத்தம் ஏறும் என்று வெப்ப நாட்டுக்குக் கார்டைட் என்ற வெடிமருந்தைக் குறைத்து நிரப்பினார்கள். மே மாதம் தண்டையார்பேட்டையில் வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டைத் தொட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனியில் சோதித்து உச்சத்தில் நிறுத்திய அளவு, கோடையில் வண்டிக்குள் கிடந்து சூடான தோட்டாவில் உச்சத்தைத் தாண்டும். போல்ட்டைத் தூக்கக் கடினமானால், கேப் தட்டையானால் உடனே நிறுத்துங்கள். ஆனால் அந்த அடையாளங்கள் தெரியும்போது பெரும்பாலும் எல்லை ஏற்கெனவே தாண்டியிருக்கும். குண்டின் வேகத்தை அளக்கும் கருவி முன்னதாகவே சொல்லிவிடும்.

டைக்குள் விடுமுன் கூட்டில் தடவும் எண்ணெய் குறைந்தால் கூடு டையில் சிக்கும், கூடினால் தோள் நசுங்கும். கூடு நீண்டு 63.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் கழுத்து குண்டைக் கவ்விப் பிடித்து அழுத்தத்தை ஏற்றும்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழாயை இலக்குப் பக்கமே பிடித்தபடி முப்பது விநாடியாவது காத்திருங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக இருந்தால், அடுத்த தோட்டாவை ஏற்றாமல் போல்ட்டைக் கழற்றிக் குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குண்டு உள்ளேயே நின்றிருக்கலாம்.