இ-சிகரெட் திரவத்தில் ஈயம், நிக்கல், குரோமியம் அளப்பது எப்படி?

முதலில் எந்தத் திரவத்தை அளக்கப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். பிரிக்காத புட்டியில் இருப்பதா, இ-சிகரெட் கருவிக்குள் ஊற்றிச் சூடேறியதா? இரண்டும் ஒன்றல்ல. 2018-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயனாளர்களின் சொந்தக் கருவிகளைச் சோதித்தார்கள். புட்டியில் மிகக் குறைவாக இருந்த இந்த மூன்று உலோகங்களும், சூடேற்றும் கம்பிச்சுருளோடு சேர்ந்திருந்த திரவத்தில் பல மடங்கு கூடியிருந்தன. புட்டியை மட்டும் சோதித்துவிட்டு 'பாதுகாப்பானது' என்று சொல்வது ஆபத்து. இரண்டிலிருந்தும் மாதிரி எடுங்கள்.

அடுத்து சுத்தம். பாலிபுரோப்பிலீன் குழாய்களை 10% நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, மிகத் தூய நீரில் அலசுங்கள். எஃகு ஊசியால் திரவத்தை உறிஞ்சாதீர்கள். எஃகிலேயே குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன.

கிளிசரால் கலந்த திரவம் பிசுபிசுப்பானது, பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கன அளவை நம்பாமல் தராசில் 0.5 கிராம் எடுத்து, 2% நைட்ரிக் அமிலம் சேர்த்து மொத்தம் 10 கிராம் ஆக்குங்கள். இது 20 மடங்கு நீர்த்தல். அடர் அமிலத்தை நேராக ஊற்றவே கூடாது. கிளிசராலோடு அது வினைபுரிந்து வெடிக்கும் சேர்மம் உருவாகலாம்.

மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசல்களையும் (பிளாங்க்) இதே குழாய், இதே அமிலத்தில் தயாரியுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில்தான் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஒன்று போதாது, குறைந்தது பத்து வையுங்கள்.

இனி ஐசிபி-எம்எஸ் கருவி. மாதிரியை மிகச் சூடான பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, நிறையை வைத்து உலோகங்களைப் பிரித்து அளப்பது இது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிளிசராலின் கார்பன் (12), பிளாஸ்மாவின் ஆர்கானோடு (40) சேர்ந்தால் நிறை 52. குரோமியத்தின் முக்கிய ஐசோடோப்புக்கும் அதே 52! இல்லாத குரோமியம் இருப்பதாகக் காட்டும். ஹீலியம் மோதல் முறையில், அதாவது அயனிகளை ஹீலியம் வாயுவில் மோதவிட்டு இப்படிச் சேர்ந்த அயனிகளை வடிகட்டி அளந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அளவீட்டுக் கரைசல்களிலும் (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவு உலோகம் கலந்தவை) மாதிரியில் உள்ள அதே விகிதத்தில் கிளிசராலையும், இ-சிகரெட் திரவத்தின் இன்னொரு அடிப்படைப் பொருளான புரோப்பிலீன் கிளைகாலையும் சேருங்கள். எல்லாக் கரைசலிலும் ரோடியம் என்ற உலோகம் சம அளவில் இருக்கட்டும். கருவியின் ஏற்ற இறக்கத்தை அதை வைத்துத் திருத்தலாம்.

கணக்கு எளிது. மாதிரிக் கரைசலில் ஈயம் கிலோவுக்கு 1.7 மைக்ரோகிராம், பிளாங்கில் 0.2 என்றால், மீதி 1.5. அதை 20-ஆல் பெருக்கினால், திரவத்தில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம்.

தெரிந்த அளவு ஈயத்தை மாதிரியில் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். சேர்த்ததில் 80 முதல் 120% திரும்பக் கிடைக்காவிட்டால் அன்றைய முடிவுகளை ஒதுக்கிவிடுங்கள். பிளாங்க் அளவுகளின் திட்ட விலக்கத்தை (அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மூன்றால் பெருக்கினால் கண்டறியும் வரம்பு கிடைக்கும். அதற்குக் கீழே வந்த எதையும் பூஜ்யம் என்று எழுதாமல், 'வரம்புக்குக் கீழ்' என்று எழுதி வரம்பையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள்.