எலும்பு ரிப்போர்ட்டை வாலிலிருந்து படியுங்கள்

அம்மாவின் முதுகு எம்ஆர்ஐயை வைத்துக்கொண்டு ஆர்த்தோ டாக்டர் வீட்டு வாசலில் டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் நான் பழகிக்கொண்ட முறை இது. அண்ணா நகரோ தாம்பரமோ, எந்த கிளினிக்கிலும் நமக்கு முன்னால் எப்படியும் இருபது பேர் இருப்பார்கள். ரிப்போர்ட்டைப் படிக்க அந்த நேரம் தாராளமாகப் போதும். வைத்தியம் சொல்வது டாக்டர் வேலை. அவரிடம் சரியான கேள்வி கேட்கத்தான் இதெல்லாம்.

படி 1: 206 எலும்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்யாதீர்கள். தலைச்சொல், அதாவது பெயரின் முன்பாதி, கொஞ்சம் தெரிந்தால் போதும். ஆஸ்டியோ என்றால் எலும்பு, ஆர்த்ரோ மூட்டு, மயோ தசை, காண்ட்ரோ குருத்தெலும்பு.

படி 2: வாலை, அதாவது பெயரின் கடைசித் துண்டை, முதலில் பாருங்கள். தலை இடத்தைச் சொல்லும், வால் சங்கதியைச் சொல்லும். ஆல்ஜியா வந்தால் வலி. சிக்குன்குனியா வந்தவர் சீட்டில் ஆர்த்ரால்ஜியா என்று எழுதியிருப்பது வெறும் மூட்டு வலிதான். ஸ்கோபி என்றால் உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது. மூட்டில் சின்னத் துளை போட்டு அப்படிப் பார்ப்பது ஆர்த்ரோஸ்கோபி. பிளாஸ்டி என்றால் சீரமைப்பது. முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆர்த்ரோபிளாஸ்டி. இன்ஷூரன்ஸ் பாரத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

படி 3: எனக்கு அதிக நேரம் பிடித்தது ஸ்பாண்டிலோ குடும்பம். ஸ்பாண்டிலோ என்றால் முதுகுத்தண்டின் முள்ளெலும்பு. கழுத்து வலி வந்தவரெல்லாம் "எனக்கு ஸ்பாண்டிலிடிஸ்" என்கிறார்கள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்பாண்டிலோசிஸ் என்றிருக்கும். ஓசிஸ் என்றால் இங்கே வயதோடு வருகிற தேய்மானம். ஐடிஸ் என்றால் அழற்சி. அதில் ஒரு வகையான ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலிடிஸ் பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்குகிறது. காலையில் முதுகு விறைத்துக்கொள்ளும், நடமாடினால் குறையும், படுத்தே கிடந்தால் குறையாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அப்புறம் ஸ்பாண்டிலோலைசிஸ்: முள்ளெலும்பின் பின்பக்க வளைவில் விரிசல். ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்: ஒரு முள்ளெலும்பு கீழே இருப்பதன் மேல் முன்பக்கமாக நழுவியிருப்பது. பக்கத்தில் கிரேடு 1 என்று இருந்தால் நழுவல் கால் பங்குக்குள், கிரேடு 2 என்றால் பாதிக்குள். நாக்கு சுளுக்கினாலும் இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

படி 4: எண்கள். கழுத்தில் சி1 முதல் சி7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் எல்1 முதல் எல்5. நெஞ்சுப் பகுதிக்குப் புத்தகத்தில் டி (T) என்று போட்டிருக்கும், தொராசிக் என்பதன் முதல் எழுத்து. நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் டார்சல் என்பதன் முதல் எழுத்தை (D) போடுவார்கள். எழுத்துதான் வேறு, இடம் ஒன்றே. எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்றால் இரண்டு எலும்பிலும் கோளாறு என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. உங்கள் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்துக் கட்டைவிரல்களை முதுகுப்பக்கம் நேராக நீட்டுங்கள். சந்திக்கிற இடம் ஏறக்குறைய எல்4.

என்ன வைத்துப் படிப்பது? முப்பரிமாண ஆப்களை ஆரம்பத்தில் தொடாதீர்கள், சுழற்றிச் சுழற்றியே பொழுது போய்விடும். சென்னை பைகிராப்ட்ஸ் ரோடு (இப்போது பாரதி சாலை) பழைய புத்தகக் கடைகளில் நர்சிங் மாணவர்களுக்கான உடற்கூறியல் புத்தகம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டுப்படம்தான் மனதில் நிற்கும். பழைய பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எலும்பு மாறப்போவதில்லை.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இரண்டு பேர் மாட்டிக்கொண்ட இடங்கள். மயோ வேறு, மயலோ வேறு. மயலோ என்றால் மஜ்ஜை அல்லது தண்டுவடம். ஆஸ்டியோமயலிடிஸ் என்பது எலும்பிலும் மஜ்ஜையிலும் வரும் தொற்று, தசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று இலியம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆங்கில எழுத்தில் நடுவே ஐ இருந்தால் இடுப்பெலும்பு, ஈ இருந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. வயிற்று ஸ்கேனில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு எலும்பு டாக்டரிடம் ஓடாதீர்கள்.